துருவ நட்சத்திரம் ஒரு முஷ்டி

ருக்சானா: திரும்பவும் முதல்ல இருந்து வாரேன். "அன்பு மாணவர்களே, இன்று நாம் பார்க்கப்போவது..."

ஃபாரிஸ்: டீச்சர், ஒண்ணுக்கு!

ருக்சானா: ஏங்க!

ஃபாரிஸ்: எட்டாங் கிளாஸ் பையன் வேற என்ன சொல்லுவான்? பாடம்னு சொன்னாலே அவனுக்கு அவசரம் வந்துரும்.

தஸ்மியா: மச்சான் சொல்லுதது சரிதான் லாத்தா. நான் படிக்கையில எங்க கிளாஸ்ல பாதிப் பேர் வெளியதான் நிப்பாளுவ.

ருக்சானா: ஏட்டி தஸ்மியா, உன்னை யாராவது கேட்டாவளா?

தஸ்மியா: கேக்கலன்னாலும் நான் இங்கனதான் இருப்பேன். நிக்காஹ் முடியுத வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் தனியாப் பேசப்பிடாது. போனை ஸ்பீக்கர்ல போடணும். தங்கச்சிக்காரி பக்கத்துல இருக்கணும். உம்மா போட்ட சட்டம்.

ஃபாரிஸ்: நீ காலேஜுக்குப் படிக்கப் போறியா, போலீஸுக்குப் படிக்கப் போறியா?

தஸ்மியா: ரெண்டும்தான். மாப்பிள்ளை தோஹாவுல ஏசி மெக்கானிக்கு. பொண்ணு மேலப்பாளையத்துல மொட்டை மாடியில நிக்கா. நடுவுல கடல். இதுக்கு ஒரு காவல். சவம், எனக்கே சிரிப்பு வருது.

ருக்சானா: சிரிச்சு முடிச்சாச்சா? நாளைக்குக் காலையில பாளையங்கோட்டையில டெமோ கிளாஸ். தாளாளர் ஒரு பக்கம், ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு பக்கம். நடுவுல கிளாஸ் நிறையப் பயலுவ. வானியல் பாடம். போன தடவை மாதிரி ஆயிட்டுன்னா...

ஃபாரிஸ்: போன தடவை என்ன ஆச்சு? நீ சொல்லவே இல்லயே.

தஸ்மியா: நான் சொல்லுதேன். அது வேற பள்ளிக்கூடம். பூமி சுத்துதுன்னு இவ சொன்னா. ஒரு பய எந்திரிச்சு, "அப்ப நாம ஏன் டீச்சர் தூக்கி வீசப்படல"ன்னு கேட்டான். இவளுக்குப் பதில் தெரியும். ஆனா சொல்லல. தண்ணி குடிச்சிட்டு வாரேன்னு வெளிய போனவ...

ஃபாரிஸ்: போனவ?

தஸ்மியா: பஸ் ஏறி வீட்டுக்கு வந்துட்டா.

ஃபாரிஸ்: ஹா... ஹா... இல்ல, நான் சிரிக்கல. இருமல்.

ருக்சானா: நல்லா இருமுங்க. அதுக்குத்தான்... அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். நீங்க அந்தப் பயலா இருங்க. என்ன வேணும்னாலும் கேளுங்க. நான் இன்னைக்கு ஓட மாட்டேன்.

ஃபாரிஸ்: சரி. கடைசி பெஞ்சுல உக்காந்தாச்சு. ...ஆமா, இம்புட்டுப் பயம் எதுக்கு புள்ள? மார்ச் வரைக்கும் உள்ள வேலைதான?

ருக்சானா: ம்... பேறுகாலத்துக்குப் போயிருக்குத டீச்சருக்குப் பதிலா. மார்ச் வரைக்கும்தான்.

ஃபாரிஸ்: அப்புறம் நீ என்கூட தோஹா வந்துருவ.

ருக்சானா: ...ம். விசா வேலை எம்புட்டுல நிக்கி?

ஃபாரிஸ்: அது... நடக்கு. நடந்துக்கிட்டே இருக்கு.

தஸ்மியா: ரெண்டு பேரும் என்ன, ஆளுக்கொரு பக்கம் இழுக்கீங்க? நோன்புக்கு முன்னால நிக்காஹ். இப்பப் போய் ம்... அது...ன்னுக்கிட்டு. பாடத்தை நடத்து லாத்தா.

ருக்சானா: அந்திக்கு மஃரிப் தொழுதாச்சாங்க? இனிமேத்தான்னா சொல்லுங்க, நான் அப்புறமாக் கூப்பிடுதேன்.

ஃபாரிஸ்: இஷாவே தொழுதாச்சு. நீ நடத்து.

ருக்சானா: இஷாவா? அது ராத்திரித் தொழுகையாச்சே. உங்க ஊர்ல இப்ப ஆறு மணி கூட ஆகலயே.

ஃபாரிஸ்: மஃரிப்... மஃரிப்தான். வாய் குளறிட்டு.

தஸ்மியா: பின்னால அது என்ன சத்தம் மச்சான்? தவளை கத்துத மாதிரி...

ஃபாரிஸ்: ஏசி. ரூம் ஏசி. பழசு.

தஸ்மியா: ஏசி மெக்கானிக் ரூம்ல ஏசி இந்தக் கத்து கத்துதா?

ஃபாரிஸ்: ஊர் ஏசியெல்லாம் பாத்துட்டு வந்தா நம்ம ஏசியைப் பாக்க நேரம் எங்க இருக்கு?

தஸ்மியா: நேத்துத்தான் அங்கன பல்லு கிட்டுத குளிர்னு சொன்னீங்க. குளிருக்கு ஏசி எதுக்கு?

ஃபாரிஸ்: ...காத்துக்கு.

ருக்சானா: நீங்க ரெண்டு பேரும் பேசுங்க. நான் கீழ போய்ப் படுக்கேன்.

ஃபாரிஸ்: இல்ல டீச்சர், இல்ல டீச்சர். வாய் மேல விரல் வச்சாச்சு.

ருக்சானா: சரி. பகலும் ராத்திரியும் ஏன் வருது? தஸ்மியா, டார்ச்சைப் பிடி. நீதான் சூரியன். அசையப்பிடாது.

தஸ்மியா: சூரியனைக் கொசு கடிக்கி.

ருக்சானா: இந்தச் சாத்துக்குடிதான் பூமி. வெளிச்சம் படுத பாதி பகல். படாத பாதி ராத்திரி. பூமி தன்னைத்தானே மேற்க இருந்து கிழக்கால சுத்துது. ஒரு சுத்துக்கு ஒரு நாள். அதனால சூரியன் கிழக்க உதிச்சு மேற்க போகுத மாதிரி நமக்குத் தெரியுது. ஆனா போகுதது சூரியன் இல்ல. நாம.

ஃபாரிஸ்: பொய் டீச்சர். நான் காலையில இருந்து இந்தப் பெஞ்சை விட்டு அசையவே இல்ல.

ருக்சானா: அசைஞ்சிருக்க தம்பி. உனக்குத் தெரியல, அம்புட்டுதான்.

ஃபாரிஸ்: அப்ப நாம ஏன் டீச்சர் தூக்கி வீசப்படல?

தஸ்மியா: அய்யோ, கேட்டுட்டாங்க. லாத்தா... பஸ் வருது பாரு.

ருக்சானா: ...

ஃபாரிஸ்: ருக்சானா? இருக்கியா?

ருக்சானா: இருக்கேன். மூச்சு விடுதேன். ...தம்பி, நீ மேலப்பாளையத்துல இருந்து ஜங்ஷனுக்குப் பஸ்ல போயிருக்கியா?

ஃபாரிஸ்: போயிருக்கேன் டீச்சர். டிக்கெட் எடுக்காம.

ருக்சானா: கொக்கிரகுளம் பாலத்துல பஸ் ஒரே சீராப் போகுது. உன் கையில ஒரு டம்ளர் டீ. சிந்துமா?

ஃபாரிஸ்: சிந்தாது.

ருக்சானா: எப்பச் சிந்தும்?

ஃபாரிஸ்: டிரைவர் அண்ணாச்சி பிரேக் போட்டா.

ருக்சானா: பூமிக்கு பிரேக் கிடையாது. ஒரே சீராச் சுத்துது. நாமளும், காத்தும், ஆத்துத் தண்ணியும் அதே வேகத்துல கூடவே போறோம். அது போக, பூமி நம்மளக் கீழ இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கு. அந்த இழுப்புக்கு முன்னால இந்தச் சுத்து ஒண்ணுமே இல்ல. நம்மளத் தூக்கி வீசணும்னா, பூமி இப்ப சுத்துததை விடப் பதினேழு மடங்கு வேகமாச் சுத்தணும்.

தஸ்மியா: பஸ் போயிட்டு. லாத்தா இங்கனதான் நிக்கா.

ஃபாரிஸ்: நல்லாச் சொன்ன புள்ள. நெசமாவே. எனக்கே இப்பத்தான் விளங்குது.

ருக்சானா: பையனா இருங்க. பாராட்டாதீங்க. அழுதுருவேன்.

ஃபாரிஸ்: சரி. டீச்சர், நிலா ஏன் தேயுது? பூமியோட நிழல் விழுததாலதான?

ருக்சானா: இல்ல. எல்லாரும் செய்யுத தப்பு அது. நிழல் விழுந்தா அதுக்குப் பேரு கிரகணம். அது எப்பவாவது ஒருக்கா வரும். நிலாவுல எப்பவும் பாதிக்கு வெளிச்சம் உண்டு, நம்ம சாத்துக்குடிக்கு இருக்குத மாதிரி. நிலா நம்மளச் சுத்தி வரும்போது, அந்த வெளிச்சப் பாதியை நாம ஒரு நாள் பூராவும் பாக்கோம், ஒரு நாள் ஓரத்தை மட்டும் பாக்கோம். தஸ்மியா, டார்ச்சை என் மூஞ்சிக்கு நேரா அடி. இப்ப என் தலைதான் பூமி, சாத்துக்குடி நிலா. இந்தா, கையை நீட்டி என்னையே சுத்தி வாரேன்... பாதி... முக்கால்... முழுசு...

தஸ்மியா: பாத்து லாத்தா, கொடிக்கயிறு! ...நிலா துணியில மாட்டிக்கிட்டு.

ஃபாரிஸ்: கிரகணம் டீச்சர்!

ருக்சானா: வாயை மூடு தம்பி.

ஃபாரிஸ்: ஒரே ஒரு சந்தேகம். நோன்புப் பிறையை எல்லாரும் ஏன் மேற்கயே பாக்காவ? ஒரு வருசமாவது கிழக்க வரக்கூடாதா?

ருக்சானா: புதுப்பிறை சூரியனுக்குப் பக்கத்துலயே இருக்கும். பகல்ல அந்த வெளிச்சத்துல தெரியாது. சூரியன் மேற்க மறைஞ்ச உடனே, அதுவும் மறையுததுக்குள்ள, அந்தக் கொஞ்ச நேரத்துலதான் பாக்க முடியும். கிழக்க பிறை தெரிஞ்சா அது விடியுததுக்கு முன்னால. மாசம் முடியப் போகுதுன்னு அர்த்தம். தேயுத பிறை.

ஃபாரிஸ்: ஓ... அதான் ரெண்டு வருசத்துக்கு முன்னால விடியக்காலையில பஜ்ரு தொழ எந்திரிச்ச எங்க காஜா முகைதீன் மாமா, பெருநாள் பிறையைக் கண்டுட்டேன்னு தெருவையே எழுப்பிட்டாரு.

தஸ்மியா: எல்லாரும் அடிச்சிருப்பாங்களே.

ஃபாரிஸ்: அடிக்கல. பிரியாணிக்கு அரிசி ஊற வச்சிட்டாங்க. அதுதான் பாவம்.

ருக்சானா: ஹா... சரி, சிரிக்க வைக்காதீங்க. அடுத்து. பூமி ஒரு மணி நேரத்துல பதினஞ்சு பாகை திரும்புது. தோஹா நமக்கு மேற்க இருக்கு. அதனால நமக்கு முதல்ல வாரதெல்லாம் அங்கன பிந்தித்தான் வரும். சூரியனும் அப்படித்தான், நட்சத்திரமும் அப்படித்தான். இங்க நல்லா மேல ஏறின ஒண்ணு, அங்க அப்பத்தான் அடிவானத்தை விட்டு எந்திரிச்சுக்கிட்டு இருக்கும். விளங்குதா?

ஃபாரிஸ்: விளங்குது டீச்சர்.

ருக்சானா: இப்ப செய்முறை. மாடிக்கு ஏறுங்க.

ஃபாரிஸ்: இப்பவா? ...இந்தா, ஏறிட்டேன்.

தஸ்மியா: இம்புட்டுச் சீக்கிரமா? படி கிடையாதா?

ஃபாரிஸ்: லிஃப்ட்டு.

தஸ்மியா: அந்தத் தவளையும் லிஃப்ட்டுல ஏறிட்டு போல. இன்னும் கத்துது.

ஃபாரிஸ்: ...ஏசியோட வெளி மெஷின் மாடியிலதான இருக்கும்.

ருக்சானா: கிழக்க பாருங்க. பளிச்சுன்னு ஒண்ணு தெரியணும்.

ஃபாரிஸ்: தெரியுது. தென்னை... ஈச்ச மரத்துக்கு மேல.

ருக்சானா: மினுங்குதா?

ஃபாரிஸ்: இல்ல. குண்டு பல்பு மாதிரி அசையாம நிக்கி.

ருக்சானா: அப்ப அது நட்சத்திரம் இல்ல. கோள். வியாழன். நட்சத்திரம் ரொம்பத் தூரத்துல இருக்கு. எம்புட்டுப் பெரிசுன்னாலும் நமக்கு வெறும் புள்ளி. நம்ம காத்து அந்தப் புள்ளியைப் போட்டு ஆட்டும். அதான் மினுங்குது. கோள் பக்கத்துல இருக்கு. குட்டியா ஒரு வட்டம். காத்து அதை அம்புட்டு லேசா ஆட்டிர முடியாது.

ஃபாரிஸ்: எங்க பக்கத்து வீட்டு அம்மையப்பன் அண்ணாச்சி குருப்பெயர்ச்சிக்குக் கோயிலுக்குப் போனாரு டீச்சர். அந்தக் குருவா இது?

ருக்சானா: இதேதான் தம்பி. அவரு கும்பிடுதாரு, நாம அளக்கோம். கையை நேரா நீட்டு. முஷ்டியை மடக்கு. ஒரு கண்ணை மூடிக்கோ. முஷ்டியோட அகலம் வானத்துல பத்துப் பாகை. அடிவானத்துல இருந்து முஷ்டி மேல முஷ்டியா வச்சு ஏறு.

ஃபாரிஸ்: மொட்டை மாடியில நின்னு வானத்தைக் குத்துதேன். யாராவது பாத்தா என்ன நெனப்பான்?

தஸ்மியா: யாரு பாக்கப் போறா? தவளைதான்.

ஃபாரிஸ்: ஒண்ணு... ரெண்டு... மூணு. மூணுக்கு ஒரு விரல் கம்மி.

தஸ்மியா: லாத்தா! நீயும் இப்பத்தான அளந்த? உனக்கும் மூணுக்குக் கொஞ்சம் கம்மிதான்! ஆனா அங்க எல்லாம் பிந்தித்தான் ஏறும்னு இப்பத்தான் சொன்ன. அப்ப மச்சானுக்கு இன்னும் கீழதான இருக்கணும்?

ருக்சானா: சும்மா இரு தஸ்மியா.

தஸ்மியா: இல்ல, பாடத்துல சந்தேகம்...

ருக்சானா: சும்மா இருட்டி.

ஃபாரிஸ்: என்ன... என்ன ஆச்சு?

ருக்சானா: ஒண்ணும் இல்ல. முஷ்டிக் கணக்கு முன்னப்பின்ன வரும். இன்னொண்ணு அளந்து பாப்போம். ...அப்படியே வடக்க திரும்புங்க.

ஃபாரிஸ்: திரும்பியாச்சு.

ருக்சானா: அஞ்சு நட்சத்திரம், இங்கிலீஷ் எம் எழுத்து மாதிரி தெரியுதா? கொஞ்சம் மேற்க சாஞ்ச மாதிரி.

ஃபாரிஸ்: இரு... பைய... ஆமா. எம்மேதான். கோணல் எம்மு.

ருக்சானா: அதுக்குக் கீழ, வலது கைப் பக்கமா, ஒண்ணு தனியா நிக்கும். ரொம்ப வெளிச்சம் இருக்காது. பக்கத்துல துணைக்கு யாரும் இருக்க மாட்டாங்க. அதுதான் துருவ நட்சத்திரம். வானத்துல உள்ள எல்லாமே சுத்துத மாதிரி தெரியும், அது மட்டும் நின்ன இடத்துலயே நிக்கும். பொருட்காட்சியில ராட்டினத்துல ஏறிச் சுத்தும்போது, சுத்தி உள்ள லைட்டெல்லாம் ஓடும். நேர் உச்சியில ஒரு லைட் இருந்தா அது மட்டும் ஓடாது. பூமி சுத்துத அச்சை நீட்டிக்கிட்டே போனா அந்த நட்சத்திரத்துக்குக் கிட்டப் போய் முட்டும்.

ஃபாரிஸ்: நீ பாத்திருக்கியா?

ருக்சானா: இல்ல. இங்கன வடக்க அடுத்த வீட்டுத் தண்ணி டேங்க் மறைக்கு. புத்தகத்துலதான் பாத்திருக்கேன். நாளைக்குப் பயலுவகிட்ட நான் பாக்காததைத்தான் சொல்லப் போறேன்... எனக்காக நீங்க பாருங்க. தெரியுதா?

ஃபாரிஸ்: பேசாத... இரு... ருக்சானா! கிடைச்சிட்டு. தனியாத்தான் நிக்கி. மங்கலா.

ருக்சானா: நெசமாவா?

ஃபாரிஸ்: நெசமாத்தான். இத்தனை வருசமா இது இங்கனதான் நின்னுருக்கு, நான் ஒரு நாளும் திரும்பிப் பாத்ததில்ல. ...எம்புட்டுத் தூரத்துல இருக்கு?

ருக்சானா: அங்க இருந்து வெளிச்சம் நம்மகிட்ட வந்து சேர நானூறு வருசத்துக்கு மேல ஆகும்.

ஃபாரிஸ்: அப்ப நான் இப்பப் பாக்குதது...

ருக்சானா: அது எப்பவோ அங்க இருந்து புறப்பட்டது.

ஃபாரிஸ்: ...

ருக்சானா: ...

தஸ்மியா: ரெண்டு பேரும் போனை வச்சிட்டீங்களா?

ருக்சானா: எத்தனை முஷ்டி இருக்கு?

ஃபாரிஸ்: இரு, அளக்கேன். ஒண்ணு. ஒரே ஒரு முஷ்டி. முஷ்டி மேல உக்காந்த மாதிரி இருக்கு.

ருக்சானா: ஒண்ணா? நல்லாப் பாத்தீங்களா? ரெண்டரை இல்லயே?

ஃபாரிஸ்: ரெண்டரையா? என்ன புள்ள, ஏசி மாட்டச் சுவத்துல அளவெடுக்குத கை இது. ஒண்ணுன்னா ஒண்ணுதான். ஏன், தப்பா?

ருக்சானா: தப்பே இல்ல. பாடத்துல இனி ஒரே ஒரு வரி பாக்கி. எழுதிக்கிடு தம்பி. பூமத்திய ரேகையில நிக்குதவனுக்கு இந்த நட்சத்திரம் அடிவானத்தோட ஒட்டிக் கெடக்கும். வடதுருவத்துல நிக்குதவனுக்கு உச்சந்தலைக்கு மேல நிக்கும். நடுவுல உள்ளவனுக்கு, அவன் ஊரு எத்தனாவது அட்சரேகையோ, அத்தனை பாகை உயரத்துல நிக்கும். அந்தக் காலத்துல நடுக்கடல்ல நிக்குத கப்பல்காரன், வடக்க எம்புட்டுத் தூரம் வந்திருக்கோம்னு இதை வச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டான்.

ஃபாரிஸ்: ஓ... நல்லாருக்கே...

ருக்சானா: தோஹா இருபத்தஞ்சு பாகை. ரெண்டரை முஷ்டி. திருநெல்வேலி எட்டே முக்கால். ஒரு முஷ்டி.

தஸ்மியா: அல்லாஹ்!

ருக்சானா: சொல்லு தம்பி. நீ எங்க நிக்க?

ஃபாரிஸ்: டீச்சர்... என் கை கொஞ்சம் பெரிய கை.

ருக்சானா: கை பெருசா இருந்தா, தோள்ல இருந்து நீளமும் பெருசாத்தான் இருக்கும். ரெண்டும் சரியாப் போயிரும். சின்னப் பிள்ளைக்கும் பத்துப் பாகைதான், பயில்வானுக்கும் பத்துப் பாகைதான்.

ஃபாரிஸ்: மாடி உயரமான மாடி...

ருக்சானா: நட்சத்திரத்துக்கு உங்க மாடியெல்லாம் ஒரு கணக்கா?

ஃபாரிஸ்: பழைய வெளிச்சம்னு சொன்னியே, அதனால கூட...

தஸ்மியா: மச்சான், போதும். கேக்குத எனக்கே வெக்கமா இருக்கு.

ருக்சானா: எங்க நிக்கீங்க?

ஃபாரிஸ்: ...முக்கூடல்ல.

தஸ்மியா: முக்கூடலா!

ஃபாரிஸ்: சதாம் வீட்டு மாடியில. என்கூட தோஹாவுல வேலை பாத்த பய.

தஸ்மியா: முக்கூடல் இந்தா இருக்கு! அப்ப அது வயக்காட்டுத் தவளை! லாத்தா, நான் அப்பவே சொன்னேன்ல! ஏசியாம்ல ஏசி!

ருக்சானா: எப்ப வந்தீங்க?

ஃபாரிஸ்: போன மாசக் கடைசியில.

ருக்சானா: போன வாரம் மணல் காத்து அடிக்கி, பேச முடியலன்னீங்க.

ஃபாரிஸ்: சதாம் வீட்டுல வேலை நடக்கு. மணல் சலிச்சாங்க. மணல் நெசம்தான்.

ருக்சானா: வேலை?

ஃபாரிஸ்: விட்டுட்டேன்.

ருக்சானா: அனுப்பிட்டாங்களா?

ஃபாரிஸ்: இல்ல. நானாத்தான் விட்டேன். ...அங்கன என்னால இருக்க முடியல ருக்சானா. உன்னை நெனச்சுத்தான் வந்தேன்னு சொன்னா கேக்க நல்லா இருக்கும். அது பாதிதான் நெசம். எல்லார் வீட்டையும் குளிர வச்சிட்டு, ராத்திரி ரூமுக்கு வந்து கட்டில்ல உக்காந்தா, நாம இங்க என்ன செய்யுதோம்னு இருக்கும். உன்னையும் கூட்டிட்டு வந்து அந்த நாலு சுவத்துக்குள்ள உக்கார வைக்கவான்னு தோணிச்சு. சதாமும் நானும் பேட்டையில கடை பாத்திருக்கோம். ஏசி, ஃப்ரிட்ஜ் சர்வீஸ். வெயில் காலம் வாரதுக்குள்ள திறந்துரணும்.

ருக்சானா: இதை என்கிட்டச் சொல்ல என்ன?

ஃபாரிஸ்: உங்க வாப்பா ஊர் பூரா கத்தார் மாப்பிள்ளைன்னு சொல்லி வச்சிருக்காங்க. பத்திரிகையில என் பேருக்குக் கீழ தோஹா, கத்தார்னு அச்சடிச்சாச்சு. சம்பந்தமே வேண்டாம்னுட்டா? அதுவும் போக... நீ அம்புட்டு ஆசையா இருந்த.

ருக்சானா: நானா?

ஃபாரிஸ்: ஒவ்வொரு தடவை பேசும்போதும் விசா எம்புட்டுல நிக்கின்னு கேப்பியே. அதைக் கேட்டதும் நான் பேச்சை மாத்திருவேன். கோவமா?

ருக்சானா: கோவம்தான். ஆனா இப்பக் கோவப்பட்டா நாளைக்குப் பாடம் மறந்துரும். கிளாஸ் முடியட்டும். சாயங்காலம் நல்லா உக்காந்து கோவப்படுதேன்.

தஸ்மியா: நான் வேணும்னா இப்பவே லாத்தாவுக்குப் பதிலாக் கோவப்படவா? சும்மாத்தான இருக்கேன்.

ஃபாரிஸ்: போலீஸ்கார அம்மா, நீ டார்ச்சை அணை. சூரியன் மறைஞ்சாச்சு.

ருக்சானா: உங்க உம்மா வீட்டுக்குக் கூடப் போகலயா நீங்க? மாமிக்கும் தெரியாதா?

ஃபாரிஸ்: எங்க உம்மாவுக்குத் தெரிஞ்சா அடுத்த நிமிசம் உங்க உம்மாவுக்குத் தெரியும். அதான் இங்கன கெடக்கேன். பகல்ல வெளிய தலை காட்ட முடியல. சதாம் பொண்டாட்டி என்னை வச்சு மிளகாய் காய வைக்கா, பிள்ளையைத் தூங்க வைக்கா.

தஸ்மியா: வெளிநாட்டுச் சம்பாத்தியம்!

ஃபாரிஸ்: நாளைக்கு நான் பாளையங்கோட்டைக்கு வரட்டா? பள்ளிக்கூட வாசல்ல நிக்கேன்.

ருக்சானா: நீங்க எதுக்கு?

ஃபாரிஸ்: நீ தண்ணி குடிக்க வெளிய வந்தா, பிடிச்சுத் திரும்ப உள்ள அனுப்பணும்ல.

ருக்சானா: ...வாங்க. ஆனா வேப்பமரத்துக்கு அங்கிட்டு நில்லுங்க. உங்களைப் பாத்தா எனக்குச் சிரிப்பு வந்துரும்.

ஃபாரிஸ்: நீ நல்லா நடத்துத புள்ள. உண்மையாச் சொல்லுதேன். நட்சத்திரத்தை வச்சே ஒரு ஆளைப் பிடிச்சிட்ட. எட்டாங் கிளாஸ் பயலுவ உனக்கு எந்த மூலைக்கு?

தஸ்மியா: அதெல்லாம் சரி. வாப்பாகிட்ட யாரு சொல்லுதது? நான் சொல்லவா?

ஃபாரிஸ்: வேண்டாம்!

ருக்சானா: வேண்டாம்!

தஸ்மியா: அடேங்கப்பா. இதுல மட்டும் ஒரே குரல்.

ஃபாரிஸ்: நானே வந்து சொல்லுதேன். நாளைக்குச் சாயங்காலம். உங்க வாப்பா என்ன சொன்னாலும் தலையைக் குனிஞ்சு கேட்டுக்கிடுதேன். ஆனா ஒண்ணு ருக்சானா. அவங்களைக் கூட விடு. நீ என்கிட்ட இதுவரைக்கும் ஒண்ணையும் மறைச்சதில்ல. அப்படிப்பட்ட பொண்ணுகிட்ட இம்புட்டுப் பொய்யைச் சொல்லியிருக்கேனேன்னுதான் எனக்கு...

தஸ்மியா: லாத்தா, ஏன் ஒரு மாதிரி முழிக்க?

ருக்சானா: ...ஏங்க, மார்ச் வரைக்கும்னு சொன்னது பொய். அது நிரந்தர வேலை. விசா வந்துருமோன்னு பயந்துதான் ஒவ்வொரு தடவையும் கேட்டேன். கல்யாணம் ஆனாலும் ஊரை விட்டு எங்கயும் போக மாட்டேன்னு தாளாளர்கிட்ட அடிச்சுச் சொல்லித்தான் நாளைக்கு டெமோவே வாங்கியிருக்கேன். தோஹாவுக்கு நான் வரல, உங்களுக்கு அதுல சம்மதம் இல்லன்னா நிக்காஹை நிறுத்திக்கிடுவோம்னு சொல்லத்தான் இன்னைக்குப் போன் போட்டேன். வாய் வரல. அதான் பாடம் நடத்த ஆரம்பிச்சிட்டேன்.